வடகடல் பஞ்சு, தென்கடல் பஞ்சு

ஞாயிறு இரவு, மண்டபம்

ராமநாதபுரத்தில் பஸ் மாறி மண்டபம் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. என் அக்கா மகள் தூத்துக்குடியில் கடல் உயிரியல் ஆய்வு மாணவி. கடற்பஞ்சுதான் அவளுடைய பாடம். "மாமா, இந்த வாரம் கரையோரமா மாதிரி எடுக்கப் போறேன். வர்றதுன்னா வாங்க, ஆனா பெட்டியைத் தூக்கணும்" என்றாள். ஐஸ் பெட்டி, எத்தனால் கேன், சின்னக் குப்பிகள் அடைத்த ஒரு பை. கூலியாள் வேலைதான். சரி என்றேன்.

அவளுடைய கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் இந்த வாரம் நான் எழுதப்போவது எதற்கும் தலையும் வாலும் இருக்காது. மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்களுக்கு வடகடல், தென்கடல். நடுவில் ஒடுங்கிய நிலம், அப்புறம் பாம்பன் கால்வாய், அப்புறம் ராமேஸ்வரம் தீவு, அதற்கும் கிழக்கே ஆதாம் பாலத்தின் மணல் திட்டுகள். இரண்டு கடலிலும் ஒரே பெயரில் பதிவான கடற்பஞ்சுகள் ஏராளம். அவை நிஜமாகவே கலந்து பெருகும் ஒரே கூட்டமா, அல்லது பெயர் மட்டும்தான் ஒன்றா?

இதில் என்ன சிக்கல் என்று கேட்கலாம். மீனாக இருந்தால் சிக்கலே இல்லை, நீந்திப் போய்விடும். கடற்பஞ்சு விலங்குதான் என்றாலும் ஒட்டிய இடத்தை விட்டு நகராது. மூளை, நரம்பு, வாய், வயிறு எதுவும் கிடையாது. உடம்பெங்கும் நுண்ணிய துளைகள்; அவற்றின் வழியாகத் தண்ணீரை இழுத்து, அதில் உள்ள பாக்டீரியாவையும் துகள்களையும் வடிகட்டித் தின்று, மிச்சத் தண்ணீரைப் பெரிய துளை ஒன்றின் வழியே வெளியே தள்ளும். அது பயணம் போவதெல்லாம் லார்வா என்ற குஞ்சுப் பருவத்தில்தான். அந்தப் பருவமும் பெரும்பாலான இனங்களில் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். தாய் கொடுத்த சேமிப்பை வைத்து நீந்தி, அது தீருவதற்குள் ஓர் இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சிங்கி இறாலின் லார்வா மாதக்கணக்கில் மிதந்து திரியும். பஞ்சுக்கு அந்த வசதி இல்லை.

ஆக, நியாயப்படி பார்த்தால் பக்கத்துப் பக்கத்துப் பார்களில் (கடலடிப் பாறைத் திட்டுகளில்) இருக்கும் பஞ்சுகள்கூட மரபணுவில் வேறுபட்டிருக்க வேண்டும். ஆனால் புத்தகங்களில் ஒரே பஞ்சின் பெயர் செங்கடலிலிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் போடப்பட்டிருக்கிறது. இந்த முரண்பாடுதான் அவளைப் பிடித்து ஆட்டுகிறது. நாளைக் காலை வடகடல் கரை.

திங்கள், மண்டபம் வடக்குக் கரை

வாடை ஓய்ந்துவிட்டது. கடல் குளம் மாதிரி கிடந்தது. விடிவதற்குள் நண்டு வலைப் படகுகள் திரும்பிவிட்டன. கரையில் தார்ப்பாய் விரித்து நான்கைந்து பெண்கள் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நண்டின் காலை ஒடிக்காமல் நூலிலிருந்து கழற்றும் அந்த விரல் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

நண்டு வலை அடியில் கிடக்கும் வலை. நண்டோடு சேர்த்து அடித்தரையில் இருப்பதையெல்லாம் வாரி வந்துவிடும்: கடல்தாழை, சங்கு ஓடு, உடைந்த பவளம், பஞ்சு. காசு பெறாததெல்லாம் ஒரு ஓரமாகக் குவியும். எங்கள் வேலை அந்தக் குவியலில். ஒரு அக்கா, "அதைத் தொட்டா ராத்திரி முழுக்கக் கை அரிக்கும் பாப்பா, உறை போட்டுக்க" என்று என் மருமகளுக்குச் சொன்னார். அவள் ஏற்கெனவே போட்டிருந்தாள். நான் போடவில்லை. அக்கா சொன்னது உண்மை.

அரிப்புக்குக் காரணம் மதியம் தெரிந்தது. தங்கியிருந்த அறையின் வராந்தாவில் மேசை போட்டு நுண்ணோக்கியை எடுத்து வைத்தாள். விரல் போலக் கிளைத்த, சாம்பல் கலந்த ஊதா நிறப் பஞ்சு ஒன்று. அதிலிருந்து அரிசி அளவு கிள்ளி, சோதனைக் குழாயில் போட்டு, கடையில் வாங்கிய ப்ளீச் திரவத்தை ஊற்றினாள். நுரைத்தது. அரை மணி நேரத்தில் சதை கரைந்து, அடியில் வெண்பொடி மட்டும் மிஞ்சியது. அதைத் தண்ணீரில் அலசி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, "பாருங்க மாமா" என்றாள்.

வெண்பொடி என்று நான் நினைத்தது முழுக்கக் கண்ணாடி ஊசி. இரு முனையும் கூரான, லேசாக வளைந்த ஊசிகள் நூற்றுக்கணக்கில். அவற்றின் நடுவே அங்கங்கே ஆங்கிலச் 'சி' எழுத்து போல வளைந்த குட்டி முட்கள். எல்லாம் சிலிக்கா. இவைதான் நுண்முட்கள், பஞ்சின் எலும்புக்கூடு. என் உள்ளங்கையில் இப்போது ஏறியிருப்பதும் இவைதான்.

பஞ்சை இனம் பிரிப்பது இந்த முட்களை வைத்துத்தான். நிறமும் உருவமும் நம்ப முடியாதவை: அலை அடிக்கும் இடத்தில் தட்டையாகப் படரும் அதே பஞ்சு, அமைதியான தண்ணீரில் விரல் விரலாக எழும்பும். முள்ளின் வடிவம், நீளம், எந்தெந்த முள் எந்தெந்த முள்ளோடு சேர்ந்து வருகிறது என்பதுதான் கணக்கு. நாங்கள் பார்த்தது பழைய புத்தகங்களில் சிக்மாடோசியா என்ற பேரினம். இப்போது அதை ஹாலிக்ளோனாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். ஹாலிக்ளோனாக்காரர்களுக்கு முட்களில் பெரிய வேறுபாடு கிடையாது. இந்த ஊசியும், சிலவற்றில் இந்த வளைமுள்ளும், அவ்வளவுதான். இரண்டு இனங்கள் ஒரே மாதிரி முள் வைத்திருந்தால் நுண்ணோக்கி கையை விரித்துவிடும்.

மீதித் துண்டு எத்தனால் குப்பிக்குள் போனது. ஃபார்மலின் கூடாதாம். அதில் போட்டால் உருவம் கெடாது, டிஎன்ஏ கெட்டுவிடும். குப்பிக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு. பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

செவ்வாய், மண்டபம் கேம்ப்

இன்று மழைத் தூறல், படகு இல்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்துக்குப் போனோம். 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் இங்கேதான் இருந்தது. தலைமையகம் கொச்சிக்குப் போனது அப்புறம். இதே மண்டபம் கேம்ப்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்களை நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்த இடமும். அந்தக் கதை தனி. அதைப் பஞ்சோடு சேர்த்து எழுத மனம் வரவில்லை.

அருங்காட்சியகத்தில் குப்பிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். நிறமெல்லாம் போய் எல்லாப் பஞ்சும் ஒரே பழுப்பு. பெயர்ச் சீட்டுகளைப் படித்தால் நம் கடலின் பஞ்சுக்குப் பெயர் வந்த வரலாறு கொஞ்சம் பிடிபடுகிறது. மருமகள் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஹென்றி ஜான் கார்ட்டர் பம்பாயில் டாக்டராக இருந்தவர். அங்குள்ள குளங்களின் நன்னீர்ப் பஞ்சுகளை 1840-களிலேயே ஆராய்ந்தவர். ஊர் திரும்பிய பிறகு, மன்னார் வளைகுடாவில் அள்ளி லிவர்பூல் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்பட்ட பஞ்சுகளை ஆராய்ந்து 1880, 81-இல் எழுதினார். அடுத்து எட்கர் தர்ஸ்டன். சாதிகள், பழங்குடிகள் பற்றிய பெரிய தொகுப்புக்காக நமக்குத் தெரிந்த அதே எழும்பூர் அருங்காட்சியகத் தர்ஸ்டன்தான். ராமேஸ்வரம் பக்கத்துக் கடல் உயிர்களைச் சேகரித்தவரும் அவரே. அவர் அனுப்பிய பஞ்சுகளுக்குப் பஞ்சு ஆய்வாளர் ஆர்தர் டெண்டி 1887-இலும் 1889-இலும் பெயர் வைத்தார். பிறகு 1902-இல் முத்துச் சிப்பி ஏன் பொய்க்கிறது என்று பார்க்க இலங்கை அரசு பேராசிரியர் ஹெர்ட்மனை அழைத்தது. அவர் இலங்கைப் பக்கத்துப் பார்களில் எடுத்த பஞ்சுகளும் டெண்டியிடமே போயின. 1905-இல் வந்த அந்த அறிக்கையைத்தான் இன்றும் எல்லோரும் புரட்டுகிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பெரிய வேலை செய்தவர் இதே நிறுவனத்தின் பி.ஏ. தாமஸ். மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா இரண்டிலுமாக 275 இனங்களை விவரித்தார்.

ஹெர்ட்மன் எடுத்தவற்றில் டெண்டி ஒரு குளியல் பஞ்சைப் பார்த்தார். குளியல் பஞ்சு என்றால் கிரேக்கத் தீவுகளில் குளித்து எடுத்து விற்பார்களே, அந்த வகை. அதற்கு நுண்முள்ளே கிடையாது, வெறும் நார். அதனால்தான் உடம்பில் தேய்க்க முடிகிறது. முள் இல்லாவிட்டால் இனம் பிரிக்க என்ன பிடிமானம்? அவர் அதை மத்தியதரைக் கடல் பஞ்சான அஃபிசினாலிஸின் ஒரு வகை என்றே எழுதி, 'சிலோனென்சிஸ்' என்று வால் சேர்த்தார். இன்று அந்த வால்தான் தனி இனத்தின் பெயர். கிரேக்கத்துப் பஞ்சுக்கும் மன்னார்ப் பஞ்சுக்கும் உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல.

இது டெண்டியோடு நின்ற பழக்கமல்ல. உள்ளூரில் எடுத்ததை ஐரோப்பியப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, பொருந்தினால் அதே பெயர். உலகம் முழுக்க அப்படித்தான் நடந்தது. காண்டிரில்லா நியூக்குலா என்ற பஞ்சு எல்லா வெப்பக் கடல்களிலும் இருப்பதாக நம்பினார்கள். 1999-இல் கிளாட்டோவும் கூட்டாளிகளும் பல கடல்களின் கூட்டங்களை நொதி வேறுபாடுகளை வைத்து ஒப்பிட்டபோது அது ஒரு பஞ்சே இல்லை, பல இனங்கள். ஓட்டைத் துளைக்கும் கிளையோனா செலாட்டாவும் இப்படித்தான். 2010-இல் அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் மாதிரிகளின் டிஎன்ஏவைப் பார்த்தபோது அந்தப் பெயருக்குள் தனித்தனிக் கிளைகள் ஒளிந்திருந்தன. 2012-இல் உலகப் பஞ்சு வல்லுநர்கள் கூட்டாகக் கணக்கெடுத்து 8,553 இனங்கள் செல்லும் என்றார்கள். அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. என் கணிப்பில், ஏறுவதில் ஒரு பங்கு புதிதாகக் கிடைத்த பஞ்சுகள் அல்ல, பழைய பெயர்கள் உடைந்து வருபவை.

எதிர்ப்பக்கமும் உண்டு. தர்ஸ்டன் அனுப்பியவற்றில் ஒன்றுக்கு டெண்டி 1887-இல் சூபரைட்டீஸ் இன்கான்ஸ்டன்ஸ் என்று பெயர் வைத்தார். அதன் உருவம் ஒரு நிலையில் நிற்கவில்லை. மடிப்பு மடிப்பாக ஒன்று, உருண்டையாக ஒன்று, விரல் விரலாக ஒன்று என்று ஒரே இனத்துக்குள் வகை பிரித்து வைத்தார். பேரினம் பிறகு மாறி, இப்போது ஸ்பீசியோஸ்பாஞ்சியா. ஆனால் அந்த உருவங்கள் ஒரே பஞ்சின் வெவ்வேறு முகங்களா, மூன்று பஞ்சுகளா என்று முள் சொல்லாது. மருமகள் நேற்று எடுத்த குப்பிகளில் இரண்டு இந்த ஆசாமி.

புதன், குந்துகால் – குருசடை – தனுஷ்கோடி

வெயில் வந்துவிட்டது. பாம்பன் பக்கத்தில் குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகு குருசடைத் தீவுக்குப் போகிறது. தூத்துக்குடியிலிருந்து இதுவரைக்கும் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 560 சதுர கிலோமீட்டர். இங்கே எதையும் எடுக்கக் கூடாது. மருமகளிடம் மாதிரிக்கான அனுமதிக் கடிதம் இருந்தாலும் இன்றைக்குப் பார்ப்பதோடு சரி.

படகுத்துறைத் தூணில், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ஆரஞ்சு நிறப் பஞ்சு படர்ந்திருந்தது. மருமகள் படியில் குப்புறப் படுத்து, பச்சைச் சாயம் நிரப்பிய ஒரு நீண்ட சொட்டுக் குழாயைத் தண்ணீருக்குள் விட்டு, பஞ்சின் ஓரமாக மெதுவாக அழுத்தினாள். சாயம் ஒரு மேகமாகத் தங்கியது. பிறகு பஞ்சை நோக்கிச் சாய்ந்து மறைந்தது. சில விநாடிதான். கையகல தூரத்தில் இருந்த பெரிய துளையிலிருந்து பச்சைப் புகை ஒரு கோடாக எழும்பியது. அதுவரை பாறைக்குப் பூசிய சாயம் போலக் கிடந்த ஒன்று மூச்சு விடுவதைக் கண்ணால் பார்த்தேன். படகோட்டி அண்ணன், "முப்பது வருசமா இதுமேலதான் கயிறு கட்டுறேன், உசுரு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்" என்றார். தன் உடல் அளவைப் போல் ஆயிரக்கணக்கான மடங்குத் தண்ணீரை ஒரு நாளில் இது இறைத்துவிடும் என்று மருமகள் சொன்னதை அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

மதியம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் தின்ற ஊர். சாலை முடியும் அரிச்சல்முனையில் நின்றால் இடப்பக்கம் ஒரு கடல், வலப்பக்கம் ஒரு கடல். அமைதியாக இருக்கும் வடகடலைப் பெண் கடல் என்றும், அலை புரளும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். சுற்றுலாக்காரர்கள் இரண்டிலும் ஒவ்வொரு காலை நனைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மருமகள் மணலில் குச்சியால் வரைபடம் போட்டாள். இந்த வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் அதுதான்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவு. சுமார் 20,000 ஆண்டுக்கு முன்பு, பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. அப்படியானால் பாக் விரிகுடா அப்போது கடலே இல்லை. காய்ந்த நிலம். யானை நடந்து இலங்கைக்குப் போயிருக்கும். பனி உருகி, தண்ணீர் ஏறி, கடந்த பத்தாயிரம் ஆண்டு அளவில்தான் இது கடலானது. மன்னார் வளைகுடாவின் கதை வேறு. அதன் தெற்குப் பகுதி ஆயிரம் மீட்டரையும் தாண்டி இறங்குகிறது. கடல் வற்றினாலும் கரை கீழே இறங்கியிருக்குமே தவிரக் கடல் காணாமல் போயிருக்காது.

"அப்போ வடகடலில் இருக்கிற ஒவ்வொரு பஞ்சும் வந்தேறிதான் மாமா" என்றாள்.

எந்த வாசல் வழியாக வந்தன என்பதுதான் கேள்வி. வாசல் இரண்டு. தெற்கே, நாம் நிற்கும் இந்த மணல் திட்டுகளுக்கு இடையே உள்ள சந்துகளும் பாம்பன் கால்வாயும். வடக்கே, வங்கக் கடல் திறக்கும் பாக் நீரிணை. வடகிழக்குப் பருவக்காற்றில் நீரோட்டம் வங்கக் கடலிலிருந்து விரிகுடா வழியாக மன்னாரை நோக்கித் தள்ளும். தென்மேற்குக் காற்றில் எதிர்ப்பக்கம். பஞ்சு எந்த மாதத்தில் லார்வாவை விடுகிறதோ, அந்த மாதத்து ஓட்டம் அதன் தலைவிதியை எழுதும்.

மரபணுவில் இதை எப்படிப் படிப்பது? பழைய கூட்டத்தில் ஒரே மரபணுவின் விதவிதமான வடிவங்கள் சேர்ந்திருக்கும். அதிலிருந்து கொஞ்சப் பேர் மட்டும் பிரிந்து புது இடத்துக்குப் போனால், அந்த வடிவங்களில் சிலதான் கூடப் போகும். எனவே தென்கடலில் இருக்கும் வகைகளில் ஒரு பகுதி மட்டும் வடகடலில் இருந்தால், வந்த வாசல் தெற்கு. தென்கடலில் அறவே இல்லாத வகைகள் வடகடலில் இருந்தால், வடக்கு வாசலைச் சந்தேகிக்கலாம். இரண்டும் வந்து நடுவில் சந்தித்திருந்தால், விரிகுடாவில் எங்கோ ஒரு கோடு தெரியும். லார்வா அதிக தூரம் போகாது என்பதால் அந்தக் கோடு இன்னும் கலையாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

மனிதன் திறந்த வாசல்களும் இருக்கின்றன. பாம்பன் கால்வாயைக் கப்பலுக்காக 19-ஆம் நூற்றாண்டில் ஆழப்படுத்தினார்கள். படகின் அடியில் ஒட்டிக்கொண்டு போகும் பஞ்சுக்கு லார்வாவின் ஆயுளைப் பற்றிய கவலையே இல்லை. 2005-இல் தொடங்கி நின்றுபோன சேதுசமுத்திரத் திட்டம் முடிந்திருந்தால் இன்னொரு அகலமான வாசல். அப்போது ராமரைப் பற்றிப் பேசினார்கள், டீசல் செலவைப் பற்றிப் பேசினார்கள், பவளத்தைப் பற்றிக்கூடக் கொஞ்சம் பேசினார்கள். தனித்தனியாக வளர்ந்த இரண்டு கூட்டங்களை ஒரே வாய்க்காலால் கலந்துவிடுவது பற்றி யாரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

திரும்பும் வழியில் முகுந்தராயர் சத்திரத்தில் பொரித்த மீன் சாப்பிட்டோம். நகரை. புதுசு.

வியாழன், வழியில்

கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி. பகல் முழுக்கக் கிழக்குக் கடற்கரைச் சாலை. பஸ்ஸில் ஐஸ் பெட்டிக்கும் டிக்கெட் போட்டார்கள். இருபுறமும் கருவேலம், அப்புறம் உப்பளம், மறுபடி கருவேலம். எழுத ஒன்றும் இல்லை.

வெள்ளி, தூத்துக்குடி

காலையில் சங்குக் கடை ஒன்றுக்குப் போனோம். தூத்துக்குடிச் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகும். அங்கே கல்யாணமான பெண்கள் கையில் போடுவது. கடைக்கார அண்ணாச்சி மூட்டையைக் கவிழ்த்து, சங்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டி இரண்டு குவியலாகப் போட்டுக்கொண்டிருந்தார். தள்ளுபடிக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். முதுகெல்லாம் பொடிப் பொடியாகத் துளை. "பூச்சி அரிச்சது. அறுத்தா உதிர்ந்துரும், வளையலுக்கு ஆகாது."

பூச்சி என்று அவர் சொன்னது பஞ்சு. கிளையோனா குடும்பம். சங்கு, சிப்பி, பவளம் எதுவானாலும் சுண்ணாம்பைக் கரைத்து, நுண்ணிய சில்லுகளாகப் பெயர்த்து வெளியே தள்ளி, உள்ளே அறை அறையாகக் குடைந்து குடியிருக்கும். வெளியே தெரிவது தண்ணீர் போய்வரும் அந்தத் துளைகள் மட்டும். முத்துச் சிப்பிக்கும் இது பழைய எதிரி. இதன் நுண்முள்ளைப் பிறகு பார்த்தேன்: குண்டூசியேதான், ஒரு முனையில் உருண்டைத் தலை, மறுமுனை கூர். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதற்குக் காரணம் பஞ்சு மட்டுமே என்று சொல்லிவிட முடியாது.

அண்ணாச்சி அந்தச் சங்கைக் காசு வாங்காமல் கொடுத்தார். மருமகளுக்கு அது பொக்கிஷம். சங்கு எந்தப் பாரில் எடுத்தது என்று கேட்டாள். அவர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, "மூட்டையில வந்துச்சும்மா" என்றார். இடம் தெரியாத மாதிரியால் அவளுக்குப் பாதிப் பயன்தான்.

மதியம் அவளுடைய நண்பர்கள் வான் தீவுப் பக்கம் எடுத்த நீரடிப் படங்களைப் பார்த்தோம். தூத்துக்குடிக்கு எதிரே தேய்ந்துகொண்டே வரும் தீவு அது. முழுக்கக் கரைந்துவிடாமல் இருக்கச் செயற்கைப் பாறைகளைக் கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள். படத்தில் உயிருள்ள பவளத்தின் மேல் சாம்பலும் கறுப்புமாக ஒரு மெல்லிய படலம். ஓரம் மட்டும் வெளுப்பாக, பவளத்தின் பக்கம் முன்னேறிக்கொண்டிருப்பது தெரிகிறது. தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். டெர்பியாஸ் ஹோஷினோட்டா. பவளத்தைப் போர்த்திக் கொல்லும் பஞ்சு.

இதன் வரலாறு பரவலின் வரலாறு. 1973-இல் பசிபிக்கின் குவாம் தீவில் முதலில் கவனித்தார்கள். 1993-இல் பெயர் வைத்தார்கள். ஜப்பான், தைவான், ஆஸ்திரேலியா, மாலத்தீவு என்று பதிவுகள் வந்தன. பாக் விரிகுடாவில் பார்த்ததாக 2015-இலும், மன்னார் வளைகுடாவில் வான் தீவில் பார்த்ததாக 2018-இலும் கட்டுரைகள் வந்தன.

வரிசையாக வைத்துப் படித்தால் பசிபிக்கிலிருந்து கிளம்பி நம்மை நோக்கி வந்தது போலவே இருக்கிறது. ஆனால் அது பதிவுகளின் வரிசை. எப்போதும் இங்கேயே கொஞ்சமாக இருந்து, பவளம் வெப்பத்தில் வெளுத்து நலிந்த பிறகு தலைதூக்கியிருக்கலாம். தேடத் தெரிந்தவர்கள் வந்த பிறகுதான் கண்ணில் பட்டிருக்கலாம். இதைத் தீர்ப்பதும் மரபணுவே. புதிதாக வந்ததென்றால் இங்குள்ளவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சாக இருக்கும். பழங்குடி என்றால் வகைகள் இருக்கும். செய்தித்தாள்கள் 'படையெடுப்பு' என்று தலைப்புப் போடுவதற்கு முன் இதைக் கேட்டிருக்கலாம்.

சனி, ஆய்வகம்

கல்லூரிக்கு விடுமுறை, ஆய்வகத்தில் நாங்கள் மட்டும். திங்கட்கிழமைக் குப்பிகளைத் திறந்தாள். எத்தனால் மஞ்சளாகியிருந்தது. பஞ்சிலிருந்து அரிசி அளவு துண்டு, அரைப்பு, சூடு, சுழற்சி, கழுவல். நான் பாதியில் டீ குடிக்கப் போய்விட்டேன்.

இதில் இருக்கும் தலைவலி இரண்டு. முதலாவது, பஞ்சு தனி ஆள் இல்லை. சில பஞ்சுகளின் உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பாக்டீரியாவாம். அரைத்து டிஎன்ஏ எடுத்தால் வீட்டுக்காரனுடையதைவிடக் குடியிருப்பவர்களுடையதுதான் அதிகம் வரும். இரண்டாவது இன்னும் மோசம். விலங்குகளை இனம் பிரிக்க உலகெங்கும் பயன்படும் ஒரு மைட்டோகாண்ட்ரியா மரபணு உண்டு. மீனில், வண்ணத்துப்பூச்சியில் பிரமாதமாக வேலை செய்யும். பஞ்சில் அந்த மரபணு மிக மெதுவாக மாறுவது. கிராம்பே கிராம்பே என்ற மத்தியதரைக் கடல் பஞ்சில் 2004-இல் டூரானும் கூட்டாளிகளும் இதைப் பார்த்தார்கள். மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியிலிருந்து அட்லாண்டிக் தீவுகள் வரைக்கும் தேடியும் அந்த மரபணுவில் வேறுபாடு மிகமிகக் குறைவு. அதை மட்டும் நம்பியிருந்தால் எல்லாம் ஒரே கூட்டம் என்று முடித்திருப்பார்கள். அதே பஞ்சில், வேகமாக மாறும் குட்டித் தொடர் டிஎன்ஏக்களைப் பார்த்தபோது இடத்துக்கு இடம் தெளிவான பிரிவு.

அதனால் இவள் டிஎன்ஏவில் மூன்று நான்கு இடங்களைப் படிக்கிறாள். டிஎன்ஏ கிடைத்ததா என்று பார்க்க இன்று ஓட்டிய ஜெல்லில் வடகடல் குப்பிகள் பெரும்பாலானவற்றில் பட்டை விழுந்தது. சங்குக்குள் இருந்த கிளையோனாவில் ஒன்றுமே இல்லை. அது காய்ந்து எத்தனை மாதமானதோ. பட்டை விழுந்தவை வரிசை படிக்க வெளியே போகும். முடிவு வர வாரங்கள் ஆகும். எனக்கு இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸ்.

முடிவு வந்தாலும் படத்தில் பாதி காலியாகத்தான் இருக்கும். பாக் விரிகுடாவின் கிழக்குக் கரை இலங்கை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர் அளவுதான். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் எடுத்த மாதிரிகள் இல்லாமல் வடக்கு வாசலா தெற்கு வாசலா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குப்பி அந்தக் கடலைத் தாண்ட இங்கே சென்னைத் தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும், அங்கே அந்த நாட்டின் அனுமதி வேண்டும். நம் உயிர்வளத்தை அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்க வந்த சட்டம், தேவையான சட்டம்தான். அரிசி அளவு பஞ்சுக்கும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

மருமகளிடம் வேறு ஒரு யோசனை இருக்கிறது. தர்ஸ்டன் இந்தியக் கரையில் எடுத்தவற்றிலும் ஹெர்ட்மன் இலங்கைக் கரையில் எடுத்தவற்றிலும் டெண்டி பெயர் வைத்த மூல மாதிரிகள் பல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரு கரையும் நூறு ஆண்டுக்கும் மேலாக அங்கே ஒரே கூரையின் கீழ். பழைய டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்திருக்கும். துண்டுகளைப் படித்துக் கோக்கும் முறைகள் இப்போது வந்துவிட்டன. கொஞ்சம் கிள்ளிக் கொடுப்பார்களா என்று கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். எந்தெந்த மாதிரிகள் வேண்டும் என்ற பட்டியலில் முதலாவதாக இன்கான்ஸ்டன்ஸ், 1887. இரண்டாவது சிலோனென்சிஸ், 1905. மூன்றாவதை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தபோது எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.